அங்கே என்ற சொல்லுக்குப் பிறகு

ராத்தா,

இன்று காலை ஆணத்துக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் தோலை நீக்கியபோது உள்ளே இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு யாரும் என்றால் அதை இரண்டாகப் பிரித்துச் சட்டிக்குள் போட்டிருப்பார்கள். என் கை அதைப் பிரிக்கவில்லை. பலகையில் ஒரு ஓரமாக வைத்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பார்த்தால் வரிசையே வைத்திருக்கிறேன்: ஒற்றை, ஒற்றை. கொஞ்சம் இடைவெளி. பிறகு இரட்டை, இரட்டை, ஒற்றை. 'வாசல் திறந்திருக்க.' உங்களுடைய பாட்டின் முதல் இரண்டு சீர்.

அதற்குப் பிறகு சமையல் ஓடவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கடிதம் என்றால் தலைப்பில் சலாம் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இதில் எழுதவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இதை வாசிக்கும் மற்றவர்களுக்குப் போகப் போகத் தெரியவரும்.

உங்களை அக்கா முறைக்கு ராத்தா என்று கூப்பிட்டேனே தவிர, நம் இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. தொண்ணூறில் மன்னார்ப் பக்கமிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டு வந்து, எங்கள் கற்பிட்டிப் பாதையோரத்தில் கிடுகுக் கொட்டில் போட்டிருந்த காலம். வெங்காயம் கிளப்பிக் காயவைத்ததும், தாளும் வேரும் அரிந்து துப்புரவாக்க எங்கள் வீட்டுக்குப் பெண்கள் வருவார்கள். நீங்களும் வந்தீர்கள். மற்றவர்கள் கூலியை வாங்கிக்கொண்டு போனதும் நீங்கள் மட்டும் சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டு, "புள்ள, ஒரு தேத்தண்ணி தாங்களன், கத சொல்றன்" என்று உட்கார்ந்தீர்கள். அன்றிலிருந்து நீங்கள் கூலிக்கு வந்தவரில்லை. கூலி கொடுத்தால் கோபித்துக்கொள்வீர்கள், கொடுக்காவிட்டால் நான் என்னையே கோபித்துக்கொள்வேன். கடைசியில் வெங்காயமாகவே தந்தனுப்பினேன்.

உங்கள் வாயில் பாட்டு வந்துகொண்டேயிருக்கும். வேரை அரியும் சத்தத்தோடு சேர்ந்து வரும். எழுதுவதில்லை. எழுத்து என் பக்கம். ஒரு தடவை நீங்கள் சொன்ன நாலு வரியை நான் எழுதி வானொலி மாதர் நிகழ்ச்சிக்கு அனுப்பினேன். பதில் வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: கருத்து நன்று, தளை தட்டுகிறது.

"என்னவாம்?" என்று கேட்டீர்கள்.

"தள தட்டுதாம்."

"எங்க தட்டுதாம்?"

"அது சொல்லல்ல."

"எங்க தட்டுது என்டு சொல்லாம தட்டுது என்டு சொன்னா எப்பிடிப் புள்ள? கதவத் தட்டினாலும் தொறந்து பாக்கலாம்."

அந்த ஒரு வரிப் பதிலுக்காகத்தான் நாம் இருவரும் யாப்புப் படித்தோம். என் மகள் சோதனை எழுதி முடித்துப் போட்ட தமிழ்ப் புத்தகம் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. எனக்கு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. உங்களுக்கு அதுவுமில்லை. மகள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "உம்மா, நாங்களே பாஸாகத்தான் இதப் படிச்சம். நீங்க ரெண்டு பேரும் எதுக்குப் படிக்கிறீங்க?"

"தட்டுறது யாரு என்டு பாக்க" என்றீர்கள் நீங்கள்.

புத்தகத்தில் நேரசை, நிரையசை என்று போட்டிருந்தது. நான் வாசிக்க வாசிக்க நீங்கள் கண்ணை மூடிக் கேட்டீர்கள். பிறகு முன்னால் கிடந்த குவியலிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்தீர்கள். "ஒரே தட்டில சொல்லி முடியிறது நேரு. இது ஒத்த." இன்னொன்றை எடுத்தீர்கள், தோலுக்குள் இரண்டு ஒட்டியது. "ஒரு குட்டி எழுத்து முன்னுக்கு ஓடிப் போய் அடுத்தத இழுத்துக்கிட்டு வாறது நிர. இது ரெட்ட. வா என்டா ஒத்த. வரும் என்டா ரெட்ட. சரியா?"

சரிதான். புத்தகம் எழுதியவர் இரண்டு பக்கத்தில் சொன்னது உங்கள் உள்ளங்கையில் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பின்பக்கத்துப் பாயில் எந்தப் பாட்டையும் வெங்காயத்தில் அடுக்கிப் பார்க்கலாம் என்றாகிவிட்டது. ஒற்றையில் முடியும் ஈரசைச் சொல்லுக்கு மா என்று பெயர். மாவுக்குப் பின்னால் வெண்பாவில் இரட்டைதான் வர வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் பின்னால் ஒற்றை. அவ்வளவுதான் சட்டம். அது பிசகினால் தட்டும். வீட்டுச் செலவை நாளாந்தம் எழுதி இரவில் கூட்டிப் பார்த்தால்தான் எனக்கு நித்திரை வரும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தச் சட்டம் எனக்கு அதைப் போல இருந்தது. கூட்டினால் சரி வரும், வராவிட்டால் பிழை எங்கே என்று விரலை வைத்துக் காட்டலாம். அல்லாஹ் எல்லாவற்றையும் ஓர் அளவோடு ஆக்கியிருக்கிறான் என்று பயானில் கேட்கும்போதெல்லாம் அந்தப் பாயும் வெங்காய வரிசையும் எனக்கு நினைவுக்கு வரும். ஆலிமிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

வானொலிக்கு அனுப்பிய பாட்டை அடுக்கிப் பார்த்தோம். மூன்று இடத்தில் தட்டியது. "அடேயப்பா, தட்டல்ல, ஒடச்சே போட்டு வெச்சிரிக்கிறன்" என்று நீங்கள் சிரித்ததில் பாய் முழுக்க வெங்காயம் உருண்டது.

ஊரிலுள்ள பெயர்களையெல்லாம் பிறகு அடுக்கினோம். என் மனிசனின் பெயரும் தப்பவில்லை. அப்துல் என்பது ஒற்றை ஒற்றை, மா. அதற்குப் பிறகு இரட்டை வர வேண்டும். காதர் என்பதும் ஒற்றை ஒற்றை.

"ஒங்கட மனிசன்ட பேரே தட்டுது புள்ள. இவ்வளவு காலமும் எப்பிடித்தான் குடும்பம் நடத்தினீங்களோ."

முன் விறாந்தையில் கதிரையில் இருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. "என்னவாம் அங்க? என்ட பேருக்கு என்ன?"

"ஒன்டுமில்ல நானா. காதருக்கு முன்னுக்கு ஒரு ரெட்ட வெங்காயம் வெச்சாச் சரி வருமாம்."

"இப்ப விக்கிற வெலைக்கு நான் ஒத்த வெங்காயமும் வெக்க மாட்டன்" என்றார் அவர்.

நம் இருவருக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அதை இப்போதுதான் நான் கூடுதலாக யோசிக்கிறேன். துஆ என்ற சொல் ஒற்றையா இரட்டையா என்று ஒரு நாள் தகராறு வந்தது. புத்தகத்தில் அப்படியொரு சொல்லே இல்லை. நான் எழுத்தைப் பிரித்துப் பிரித்து எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் புத்தகத்தை மூடிவைத்தீர்கள். "கண்ணால பாக்காதீங்க. வாயால சொல்லிப் பாருங்க. வாய்க்குத் தெரியும்." நீங்கள் வாயால் கட்டினீர்கள். நான் கண்ணால் சரி பார்த்தேன். இரண்டும் ஒரே வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

ஊருக்குப் போகலாம் என்று வழி திறந்த பிறகு நீங்கள் ஒரு தடவை போய்வந்தீர்கள். வெளியேறுவதற்கு முந்தைய வருடம் மௌத்தான உங்கள் உம்மா அங்குள்ள மையவாடியில்தான் அடங்கியிருந்தார்கள். திரும்பி வந்து இரண்டு நாள் நீங்கள் எங்கள் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தீர்கள். ஆறிப்போனது.

"வீடு இருந்த எடத்தில மரம் மொளச்சிரிக்கி. அது பரவாயில்ல. மையவாடியும் காடு. நான் ரோட்டில நின்டன். மகன் உள்ளுக்குப் போய்த் தேடினான். தலமாட்டில வெச்ச ஒரு மீசான் கல்லும் நிக்கல்ல புள்ள. எது எங்கட உம்மா என்டு அவனுக்குத் தெரியல்ல. எனக்குத் தெரியும், ஆனா நான் உள்ளுக்குப் போகல்ல."

பெண்கள் மையவாடிக்குள் போவது நம் பக்கம் வழக்கமில்லை. அதை நீங்கள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு ஆறிய தேத்தண்ணியைக் குடித்தீர்கள். அந்தக் கிழமைக்குள் பாட்டு வந்தது. வேரை அரிந்துகொண்டே சொன்னீர்கள், நான் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

வாசல் திறந்திருக்க வந்தோமே உம்மாநீ
பூசிய மண்சுவரும் போட்டபடி - பேசாமல்
ஊர்மண்ணில் நீயுறங்கும் ஓரத்தில் நின்றொருநாள்
யார்சொல்வார் அங்கே

அதோடு நின்றது. "மத்தது வரல்ல" என்றீர்கள்.

நான் வெங்காயத்தை அடுக்கினேன். ராத்தா, ஒரு இடத்திலும் தட்டவில்லை. வாசல், பூசிய, பேசாமல் என்று முதல் பாதி ஒரே எதுகையில் கட்டியிருந்தது. ஊர், யார் என்று மறு பாதி தனக்கொரு எதுகை பிடித்திருந்தது. முதல் மூன்று வரியிலும் மூன்றாம் சீர் முதல் சீருக்கு மோனையாக நின்றது. நீங்கள் இதில் ஒன்றையும் எண்ணிச் செய்யவில்லை. வாய்க்குத் தெரிந்திருந்தது.

கடைசிச் சொல் ஒன்று மட்டும் வேண்டும். அதன் அளவும் எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே என்பது ஒற்றை ஒற்றை, மா. ஆகவே அடுத்தது இரட்டையில்தான் தொடங்க வேண்டும். வெண்பாவின் கடைசியாதலால் அந்த ஒரு இரட்டையோடு முடியலாம். மிஞ்சிப் போனால் அதன் வாலில் ஒரு சின்ன உகரம் தொங்கலாம். வேறு எதுவும் வரக்கூடாது. நான் ஒரு இரட்டை வெங்காயத்தை எடுத்து வரிசையின் நுனியில் வைத்தேன். வைத்த கையோடு சொன்னேன்: "சலாம்! ராத்தா, சலாம்! யார் சொல்வார் அங்கே சலாம். அளவு சரி. சொல்வாருக்கு மோனையும் சரி. கருத்தும் சரி."

கபுரடிக்குப் போகிறவர் முதலில் சொல்வது சலாம்தானே. அதைவிடப் பொருத்தமான சொல்லை யாரும் கொண்டுவர முடியாது என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் சொல்லிப் பார்த்தீர்கள். வாயை அசைத்து, சத்தமில்லாமல். பிறகு தலையை ஆட்டினீர்கள்.

"இல்ல புள்ள."

"ஏன்?"

"சலாம் ரோட்டில போற ஆரும் சொல்லுவாங்க. ஆரும் போகாட்டியும் வானத்து மலக்குமார் சொல்லுவாங்க. அதுக்கு நான் தேவல்ல. இது மகள் சொல்ற சொல்லு."

"அது என்ன சொல்லு?"

"இரிக்கி. வாயடில நிக்கிது. வரும்."

இரட்டை வெங்காயத்தை எடுத்து நீங்கள் என் மடியில் போட்டீர்கள். "இத வெச்சிரிங்க. வந்தாச் சொல்றன்."

வரவில்லை. அடுத்த போகமும் வெங்காயம் கிளப்பினோம். இடையிடையே கேட்பேன், "வந்திச்சா?" "பக்கத்தில வந்துட்டு" என்பீர்கள். அவசரப்படுத்தக்கூடாது என்று நானும் விட்டேன். அவசரம் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு காலை நேரம், உங்கள் மருமகள் ஓடி வந்து சொன்னாள், மாமிக்கு வாய் கோணிப் பேச்சு நின்றுவிட்டது என்று. பாரிசவாதம். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உங்கள் வலப்பக்கம் முழுக்க அசைவில்லாமல் கிடந்தது. கண் மட்டும் முன்னைய கண்ணாகவே இருந்தது. என்னைக் கண்டதும் தண்ணீர் வழிந்தது. ஏதோ சொல்ல வந்தீர்கள். ஒரு இழுவைச் சத்தம் மட்டும் வந்தது. நீங்களே அந்தச் சத்தத்தைக் கேட்டு வாயை மூடிக்கொண்டீர்கள். பாட்டு வந்த வாய்.

என்ன செய்வதென்று தெரியாமல் யாசீன் ஓதினேன். ஓதி முடித்த பிறகும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போதுதான் உங்கள் பாட்டை உங்களுக்கே சொன்னேன். மெதுவாக, காதோடு காதாக. வாசல் திறந்திருக்க வந்தோமே உம்மாநீ. உங்கள் இடக்கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சீருக்குச் சீர் விரல் அழுத்துவதை உணர்ந்தேன். ஒற்றைக்கு ஒரு அழுத்தம். இரட்டைக்கு ஒரு சின்ன அழுத்தமும் அதை ஒட்டி ஒரு பெரிய அழுத்தமும். ஒன்றும் பிசகவில்லை. நான் யார்சொல்வார் அங்கே என்று நிறுத்தினேன்.

விரல் அழுத்தியது. சின்னதும் பெரியதும். இரட்டை. அதோடு நின்றது, வாலில் உகரமில்லை.

அது உங்களிடம் வந்திருந்தது ராத்தா. சொல் வந்திருந்தது. அளவோடு, முழுதாக, உள்ளே இருந்தது. வெளியே வரும் வழிதான் அடைபட்டிருந்தது.

நான் கேட்கத் தொடங்கினேன். சலாமா? முகத்தைத் திருப்பினீர்கள். கதையா? அங்கே யார் சொல்வார் கதை என்றா? இல்லை. நலமா? பதிலா? விடையா? பெயரா? எனக்குத் தெரிந்த இரட்டைச் சொல்லையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உங்கள் காதுக்குள் கொட்டினேன். ஒவ்வொன்றுக்கும் கண் மூடித் திறந்தது. இல்லை. இல்லை. கொஞ்ச நேரத்தில் அது இல்லை என்பதா, களைப்பா என்று எனக்குப் புரியாமல் போனது. வாட்டில் நின்ற சிங்கள நர்ஸ் பிள்ளை வந்து என் தோளைத் தொட்டாள். "எத்தி அம்மே, எயாட்ட மஹன்சி." போதும் அம்மா, அவவுக்குக் களைப்பு என்றாள். பிறகு அவளுடைய கொச்சைத் தமிழில், "பேச வைக்க வேணாம். பேச முடியாது" என்றாள்.

பேச முடியாது என்று எனக்கும் தெரியும். இருந்தும் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளும் கேட்டேன். அதற்கு அடுத்த நாள் விரல் அழுத்துவதும் நின்றுவிட்டது.

மௌத்துச் செய்தி வந்ததும் இன்னா லில்லாஹி சொல்லிக்கொண்டுதான் உங்கள் வீட்டுப் படியேறினேன். குளிப்பாட்ட நின்ற பெண்களில் நானும் ஒருத்தி. வாய் திறந்திருக்கக்கூடாதென்று தாடையை ஒரு வெள்ளைத் துணிக்கீற்றால் உச்சிவரை கட்டுவார்கள் அல்லவா, அதைக் கட்டச் சொல்லி என்னிடம்தான் தந்தார்கள். கட்டினேன். இறுக்கமாக வேண்டாம் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். என் கை இறுக்கியதா தளர்த்தியதா என்று எனக்கு நினைவில்லை. உள்ளே ஒரு சொல் இருக்கிறது, அதன்மேல் முடிச்சுப் போடுகிறேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. உங்களைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டிப் போனது. ஆண்களின் கலிமாச் சத்தம் தெருமுனை வரை கேட்டது, பிறகு கேட்கவில்லை. நாங்கள் பெண்கள் படலையோடு நின்றோம்.

உங்கள் மூத்த மகன் கட்டாரிலிருந்து வந்து சேர்ந்தான். நாற்பதாம் நாள் கத்தத்துக்குக் கொடுப்பதற்காக யாசீன் கிதாபு அச்சடிக்கப் போவதாகச் சொன்னான். பின் அட்டையில் உம்மாவின் பெயரும் அவவுக்காக துஆக் கேட்கும்படியான வேண்டுகோளும் போடுவது வழக்கம். அதற்கு மேலே உம்மாவின் பாட்டைப் போட வேண்டும் என்றான். மற்றவர்கள் உம்மா பாட்டுப் பாடுவா என்று மட்டும் சொன்னார்களாம். முழுதும் தெரிந்தவர் சாச்சிதான் என்றார்களாம். அவன் என்னைச் சாச்சி என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவன் போனில் தட்டிக்கொண்டான்.

"யார்சொல்வார் அங்கே... பொறகு?"

"பொறகு இல்ல மகன்."

"இல்லையா?"

"ஒரு சொல்லு வரணும். உங்கட உம்மா சொல்லல்ல."

அவன் அதை அச்சகத்துக்குக் கொண்டுபோனான். மறுநாள் அங்கிருந்தே என்னைப் போனில் எடுத்தான். அச்சகக்காரர் பேச விரும்புகிறார் என்று போனை அவரிடம் கொடுத்தான். நல்ல மனுசர். குரலில் மரியாதை இருந்தது. "தங்கச்சி, வெண்பா நல்லா இரிக்கி. நானும் கொஞ்சம் படிச்சவன். கடைசியில சலாம் என்டு போட்டா நல்லா ஒக்காரும், இல்லையா?"

"ஓம், ஒக்காரும்" என்றேன்.

"தள தட்டாது."

"தட்டாது."

"மோனையும் வருது."

"வருது."

நாம் இருவரும் பாயில் உட்கார்ந்து படித்த யாப்பு முழுவதும் அவர் பக்கம் நின்றது ராத்தா. என் பக்கம் நின்றது உங்கள் தலையாட்டல் ஒன்றுதான். அதை எந்தப் புத்தகத்தில் காட்டுவேன்?

மகன் போனைத் திரும்ப வாங்கினான். சொன்னேன். "மகன், அந்தச் சொல்ல உங்கட உம்மாட்ட நானே சொன்னன். அவ வேணாம் என்டா."

"அப்ப எது வேணும் என்டா?"

"தெரியா."

"வேணாம் என்டது மட்டும் தெரிஞ்சி நான் என்னத்த அச்சடிக்கிற சாச்சி?"

"அந்த எடத்த வெறும்ன விடுவமே."

பின்னால் யந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. "வெறும்ன விட்டாச் சனம் என்ன சொல்லும்? அச்சுப் பிழ என்டு சொல்லும். இல்லாட்டி அவவுக்கு முடிக்கத் தெரியல்ல என்டு சொல்லும். எங்கட உம்மாவப் பாத்து ஒருத்தரும் அப்பிடிச் சொல்ல வேணாம் சாச்சி. அவ வாழ்க்கையில எல்லாத்தையும் அரகொறையா விட்டுட்டு வரச் செஞ்சாங்க. இதையாவது முழுசாப் போடுவம்."

உங்கள் மகன். நீங்கள் பெற்ற பிள்ளை கேட்கிறான். நான் யார்? "உங்கட விருப்பம் மகன்" என்றேன். அவன் அழுததும் எனக்குக் கேட்டது.

கிதாபு அழகாக வந்திருக்கிறது. பச்சை அட்டை, பின்னால் உங்கள் பாட்டு, கடைசியில் சலாம். கத்தத்துக்கு வந்த பெண்கள் வாசித்துக் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்த வீட்டு மாமி என் கையைப் பிடித்துச் சொன்னா, "மத்ததெல்லாம் வெளங்கல்ல புள்ள, அந்தக் கடைசிச் சொல்லு மட்டும் நெஞ்சில நிக்கிது." நான் தலையாட்டினேன். உங்கள் மகன் முன் விறாந்தையில் ஆண்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

சட்டப்படி அந்தப் பாட்டில் இன்று ஒரு பிழையும் கிடையாது. இனி எந்தக் காலத்திலும் யாரும் அதில் பிழை கண்டுபிடிக்கப் போவதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. தட்டியிருந்தால் நாலு பேருக்குக் காட்டியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கிதாபில்தான் ஓதுகிறேன். ஓதி முடித்து உங்களுக்கு துஆச் செய்துவிட்டு அட்டையைத் திருப்புவேன். வாசிப்பேன். அங்கே என்பது வரை. பெருவிரல் தானாகவே அடுத்த சொல்லின் மேல் போய் நிற்கும். வேலை செய்யும்போது சொற்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. உடுப்புக் கழுவும்போது, பாண் வெட்டும்போது, பாங்கு சொல்லும் நேரத்தில்கூட, அஸ்தஃபிருல்லாஹ், இரட்டைச் சொல் ஏதாவது வந்து வாசலில் நிற்கும். ஒவ்வொன்றையும் உங்கள் பாட்டின் நுனியில் வைத்துப் பார்ப்பேன். எல்லாமே அளவுக்குச் சரியாக உட்காருகின்றன. உங்களுக்கு எது என்று எனக்குச் சொல்ல ஒரு சட்டமும் இல்லை. வாய்க்குத் தெரியும் என்றீர்கள். என் வாய்க்குத் தெரியவில்லை ராத்தா. நான் கண்ணால் பார்த்துப் படித்தவள்.

சில வேளை இன்னொன்றும் தோன்றும். ஆஸ்பத்திரியில் அந்த விரல் அழுத்தியது அசையே இல்லையோ, தண்ணீர் கேட்டீர்களோ, போதும் புள்ள என்றீர்களோ என்று. அப்படித் தோன்றும்போது எழுந்து கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டு வந்துவிடுவேன். அல்லாஹ் அறிந்தவன். எனக்கு அறிய ஒரு வழியும் வைக்கவில்லை.

போன கிழமை டவுனுக்கு மருந்தெடுக்கப் போய்த் திரும்பும்போது, உங்களை அடக்கிய மையவாடியடியில் ஓட்டோவைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். உள்ளே போகவில்லை. இறங்கவுமில்லை. மதிலுக்கு மேலால் வேப்பங்கொப்பு தெரிந்தது. நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. உங்கள் உம்மாவுக்காக நீங்கள் நின்றதைப் போலவே நானும் ரோட்டோரத்தில், ஓட்டோவுக்குள்ளேயே இருந்தேன். கபுராளிகளுக்குச் சொல்லும் சலாத்தைச் சொன்னேன். அது கடமை, சொல்லத்தான் வேண்டும்.

சொல்லி முடித்த பிறகும் என் வாய் மூடவில்லை. அதற்கடுத்து ஒன்று இருக்கிறது. ஒரு இரட்டை அளவு. சின்னதும் பெரியதும். அந்த அளவுக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன்.

ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "என்ன மாமி? எதும் சொன்னீங்களா?"

"இல்ல மகன்" என்றேன். "போங்க."